சாமிக்குப் போன பால் போத்தல்

தைப்பூசத்துக்கு முருகனுக்குப் பால்குடம் எடுத்தவர்கள் பினாங்கில் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். பால் போத்தல் கொடுத்த ஆள், எனக்குத் தெரிந்து, நான் ஒருத்திதான். கொடுத்தபோது எனக்கு ஆறு வயது. போத்தல் என்னுடையதும் அல்ல, தம்பியுடையது. அவனைக் கேட்டுக்கொண்டு கொடுக்கவும் இல்லை. ஆனாலும் சொந்தபந்தம் கூடுகிற இடங்களில் இன்றுவரை பக்திக்கான பேர் எனக்குத்தான்.

அப்போது நாங்கள் ஆயர் ஈத்தாமில் ஓர் அடுக்குமாடியின் ஒன்பதாம் மாடியில் இருந்தோம். அப்பா பள்ளிக்கூட வேன் ஓட்டினார். அம்மா கடலுக்கு அந்தப் பக்கம், மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்தார். பகலில் பிள்ளைகளோடு இருக்கலாம் என்பதற்காக அவராகவே கேட்டு வாங்கிய இரவு வேலை அது. பகலில் எங்களோடு இருந்தால் எப்போது தூங்குவது என்பதை அவரும் யோசிக்கவில்லை, வேறு யாரும் யோசித்ததாகவும் தெரியவில்லை.

விடிந்ததும் அப்பா எங்கள் இரண்டு பேரையும் வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு பெரிய பிள்ளைகளை ஏற்றப் போவார். தம்பிக்கு மூன்று வயது. பின் சீட்டில் போத்தலும் வாயுமாகக் கிடப்பான். பெரிய பிள்ளைகளை இறக்கிவிட்டு நாங்கள் அடுக்குமாடிக்குத் திரும்பும் நேரத்துக்குச் சரியாக அம்மாவின் தொழிற்சாலை பஸ்ஸும் வந்துவிடும். அப்பா வேன் கதவைத் திறந்து தம்பியை நீட்டுவார், அம்மா வாங்கிக்கொண்டு லிப்டுக்குப் போவார். பிறகு அப்பா என்னைப் பாலர் பள்ளியில் விட்டுவிட்டு, மதியம் பள்ளிக்கூடம் விடும்வரை கோப்பிக் கடையில் உட்கார்ந்திருப்பார். அதுவும் வேலையின் ஒரு பகுதி என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்பாவும் அப்படித்தான் நினைத்திருந்தார்.

மேலே வீட்டில் அம்மாவின் தூக்கம் நடக்கிற விதம் தனி. இனிப்பு டின் பாலில் சுடுதண்ணீர் கலந்து போத்தலை நிரப்பித் தம்பியிடம் கொடுப்பார். தொலைக்காட்சியைப் போட்டுச் சத்தத்தை முழுசாகக் குறைத்துவிடுவார். பாய் விரித்து அவன் பக்கத்தில் படுத்து, தன் கைலி முனையையும் அவன் சட்டை நுனியையும் சேர்த்து ஊக்குக் குத்திக்கொள்வார். அவன் எழுந்து நடந்தால் கைலி இழுபடும், அம்மா விழித்துக்கொள்வார். தம்பி எழுந்திருக்கவே மாட்டான். கால்மேல் கால் போட்டு, கை படாமல் பல்லால் மட்டும் ரப்பர் காம்பைக் கவ்விக்கொண்டு, சத்தமில்லாத கார்ட்டூனைக் கவுன்சிலர் மாதிரி பார்த்துக்கொண்டிருப்பான். தீர்ந்தால் போத்தலால் அம்மாவின் தோளில் ஒரு தட்டு. அம்மா கண்ணைத் திறக்காமலே எழுந்து கலக்கிக் கொடுத்துவிட்டு மறுபடி படுப்பார்.

அந்த வருஷத் தொடக்கத்தில் பாலர் பள்ளிக்குப் பல் மிஸ்ஸி வந்தார். அரசாங்கக் கிளினிக்கிலிருந்து வருகிற மலாய்க்காரத் தாதி. வீட்டிலிருந்து கொண்டுவந்த குவளையும் பிரஷுமாக எங்களை எல்லாம் கால்வாய் ஓரம் வரிசையாகக் குந்த வைத்தார். தலையணை அளவு பிளாஸ்டிக் தாடையை மடியில் வைத்துக்கொண்டு மேலே பத்து, கீழே பத்து என்று தேய்த்துக் காட்டினார். அவர் மலாயில் சொல்லச் சொல்ல டீச்சர் தமிழில் சொன்னார். இனிப்புப் பாலை வாயில் வைத்துக்கொண்டே தூங்குகிற பிள்ளைக்கு முன்பல்லில் பூச்சி பிடிக்கும், அது அப்படியே பின்பல்லுக்கும் போகும் என்று சொன்னதுதான் தாமதம், நான் கையைத் தூக்கிவிட்டேன். தம்பியைப் பற்றிக் கோள் சொல்ல எனக்குக் கிடைத்த முதல் அரசாங்க ஆள் அவர்.

அவர் லேசில் விடுகிறவராக இல்லை. மதியம் அப்பா என்னை அழைத்துப்போக வந்தபோது வேன் வாசலுக்கே வந்துவிட்டார். மாமிக்கு உடம்பு சரியில்லை என்று அம்மா ஆஸ்பத்திரிக்குப் போயிருந்ததால் அன்று தம்பியும் வேனில் இருந்தான். மிஸ்ஸி அவன் மேலுதட்டை விரலால் தூக்கினார். முன்பல் நாலும் ஓரம் அரித்து, கோப்பி நிறத்தில் இருந்தன. தினம் பார்க்கிற பல்தான். ஒருவர் உதட்டைத் தூக்கிக் காட்டியபோதுதான் எனக்கே பயமாக இருந்தது.

"பால் பல்லுதானே மிஸ்ஸி, விழுந்து மொளைச்சிரும். எங்க பக்கத்துல எல்லாருக்கும் பல்லு இப்படித்தான்லா" என்றார் அப்பா, மலாயும் தமிழும் கலந்து.

அந்தப் பல்லை வைத்துத்தான் பிள்ளை இன்னும் பல வருஷம் சாப்பிட வேண்டும், போத்தலை நிறுத்தாவிட்டால் பின்பல்லும் போய்ப் பிடுங்க வேண்டிவரும் என்று மிஸ்ஸி சொன்னார். அப்பா போக்குவரத்துப் போலீஸிடம் தலையாட்டுகிற மாதிரி தலையாட்டினார். சாயங்காலம் வீட்டில் அந்தத் தலையாட்டலை அப்படியே அம்மாவிடம் இறக்கி வைத்தார்.

"மிஸ்ஸி உன்னைய போத்தல நிறுத்தச் சொன்னாங்க."

அம்மா சோறு வடித்துக்கொண்டிருந்தார். "நிறுத்துறேன். நிறுத்திட்டு எப்பத் தூங்குறதுன்னும் கேட்டுக்கிட்டு வந்தீங்களா?" என்றார்.

அப்பா அதைக் கேட்டுக்கொண்டு வரவில்லை. ஆனாலும் அம்மா முயன்று பார்த்தார். காம்பில் வேப்பெண்ணெய் தடவினார். தம்பி அதைத் திரைச்சீலையில் துடைத்துவிட்டுக் குடித்தான். வெறும் தண்ணீரை ஊற்றிக் கொடுத்தார். போத்தல் சுவரில் போய் மோதியது. நான் என் பங்குக்கு, வாயில் ஒரு மிட்டாயை அடக்கிக்கொண்டு, பல்லின் அருமையைப் பற்றி அவனுக்குப் பாடம் நடத்தினேன். எதுவும் எடுபடவில்லை. ஒரு சாயங்காலம் ரொட்டியைக் கடித்தவன் கன்னத்தைப் பொத்திக்கொண்டு வீறிட்டான். வலி நிற்க அவன் கேட்டது போத்தலைத்தான். அம்மா கலக்கிக் கொடுத்தார். கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். நான் அன்று தீர்மானம் செய்தேன், தம்பியின் பல் என் பொறுப்பு என்று. ஆறு வயதில் இப்படிப்பட்ட தீர்மானங்கள் சுலபமாக வரும்.

இந்தச் சமயத்தில்தான் தைப்பூசம் வந்தது. எங்கள் அப்பாவுக்கு வேண்டுதல் வைப்பதில் கை தாராளம். வேன் கியர்பாக்ஸ் மக்கர் பண்ணியபோது, அது சரியானால் அம்மா பால்குடம் எடுப்பார் என்று முருகனிடம் வேண்டிக்கொண்டார். சரியானது. அம்மா எடுத்தார். எனக்கு அம்மை போட்டபோது, நல்லபடியாக இறங்கினால் அம்மா ஒன்பது வெள்ளிக்கிழமை விரதம் இருப்பார் என்றார். இறங்கியது. அம்மா இருந்தார். வேண்டிக்கொள்வது அப்பா, நிறைவேற்றுவது அம்மா என்று எங்கள் வீட்டில் வேலை பிரிந்திருந்தது. அந்த வருஷத்து வேண்டுதல், தம்பிக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலில் முடி இறக்குவது. முடி தம்பியுடையது, அவனை அசையாமல் பிடித்துக்கொள்ளும் பொறுப்பு அம்மாவுடையது.

தைப்பூசத்தன்று காலையில், இரவு வேலை முடிந்து அப்படியே வந்து குளித்துவிட்டு அம்மா எங்களோடு கிளம்பினார். ரோட்டில் உடைத்த தேங்காய்த் தண்ணீரில் செருப்பு வழுக்கியது. வழிநெடுகத் தண்ணீர்ப் பந்தல்கள். ஒவ்வொரு பந்தலிலும் யாரோ ஓர் அண்ணன் எங்கள் தம்பியின் கன்னத்தைக் கிள்ளி, "குடி தம்பி, குடி" என்று அவன் போத்தலைப் பிடுங்கி ரோஸ் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். அன்பு என்றால் அன்று எங்கும் சிவப்பு நிறத்தில், சீனி போட்டுத்தான் கிடைத்தது. நானும் நாலு கிளாஸ் குடித்தேன்.

முடியிறக்கும் பந்தலில் தம்பி போட்ட கூச்சலுக்குக் காவடிக்காரர்களே திரும்பிப் பார்த்தார்கள். அம்மா அவனை மடியில் இறுக்கிப் பிடித்து, வாயில் போத்தலைக் கொடுத்தார். உடனே அமைதி. கத்தி நகர நகர முடி சுருள் சுருளாகக் கூடையில் விழுந்தது. அது நல்ல சுருள் முடி, எனக்கு மனசு கேட்கவில்லை.

"கொஞ்சம் முடிய திருப்பி வாங்கிக்கலாமாப்பா?" என்று கேட்டேன்.

அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "சாமிக்குக் குடுத்தத திருப்பிக் கேக்கக்கூடாது. கேட்டா பெரிய பாவம்" என்றார்.

எனக்கு மின்னல் அடித்த மாதிரி இருந்தது. திருப்பிக் கேட்கவே முடியாத ஓர் இடம் உலகத்தில் இருக்கிறது, அதன் வாசலில்தான் நான் நின்றுகொண்டிருக்கிறேன். இதைத் தெரிந்துகொள்ளாமல் வேப்பெண்ணெயைத் தடவிக்கொண்டிருந்தாரே என்று அம்மாமேல் பரிதாபம்கூட வந்தது.

மொட்டைத் தலைக்குச் சந்தனம் பூசக் குழாயடிக்குக் கொண்டுபோனபோது அம்மா போத்தலை என் கையில் கொடுத்து, "பத்திரமா புடிச்சிக்க" என்றார். பத்திரமாகத்தான் பிடித்தேன். சந்தனத்தில் அவர்கள் மும்முரமாக இருக்கும்போது கூட்டத்துக்குள் நுழைந்தேன். முதலில் உண்டியலைத்தான் பார்த்தேன். வாய் சின்னது, போத்தல் போகாது. அதற்குப் பக்கத்தில், பழமும் தேங்காயும் எண்ணெயும் கொண்டுவருகிறவர்களிடம் வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தார் வேட்டி கட்டிய ஒரு பெரிய மீசைக்காரர். அவரிடம் இரண்டு கையாலும் நீட்டினேன்.

"என்ன பாப்பா இது?"

"காணிக்கை. தம்பியோடது."

அவர் போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "பாலா?"

"ரோஸ் தண்ணி."

சிரித்துவிடுவாரோ என்று பயந்தேன். அவர் சிரிக்கவில்லை. வேண்டுதலில் எதெதையோ கொண்டுவந்து கொடுக்கிறார்கள், கோழி கொடுக்கிறவர்கள்கூட இருக்கிறார்கள், அவருக்கு இது பெரிய ஆச்சரியமாக இருந்திருக்காது. போத்தலை இரண்டு வாழைத்தாருக்கு நடுவில் மரியாதையாக நிற்க வைத்தார். என் நெற்றியில் திருநீறு பூசி, கையில் ஓர் எலுமிச்சம்பழம் கொடுத்து அனுப்பினார். அந்த நிமிஷத்தில் எனக்கு இருந்த பெருமையை இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

வேனில் ஏறி முதல் சந்தியைத் தாண்டும் முன்பே தம்பி கையை நீட்டினான். அம்மா என் பக்கம் திரும்பினார். நான் எலுமிச்சம்பழத்தைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன்.

தம்பி அழ ஆரம்பித்தான். ஆயர் ஈத்தாம் வரை நிறுத்தவில்லை. வீட்டில் வேறு போத்தல் இல்லை. கீழே கடையில் ஒன்று வாங்கிவிடலாம் என்று அம்மா சொன்னபோது, அப்பா வேனை ஓரமாகவே நிறுத்திவிட்டார்.

"சாமிக்குக் குடுத்துட்டு வேற வாங்கினா, அது சாமிய ஏமாத்துறதுலா. நாளைக்கே கியர்பாக்ஸ் போயிரும்" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அப்பா எவ்வளவு உயர்ந்த மனிதர் என்று நினைத்தேன். தம்பியின் பல் தப்பித்தது என்றும் நினைத்தேன்.

மறுநாளிலிருந்து வீட்டில் தூக்கம் என்பது இல்லாமல் போயிற்று. போத்தல் இல்லாத தம்பிக்குக் கார்ட்டூன் பிடிக்கவில்லை, பாய் பிடிக்கவில்லை, எங்களையும் பிடிக்கவில்லை. ஊக்கோடு அம்மாவையும் இழுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தான். அடுத்த வீட்டுச் சீன ஆண்ட்டி "கெசியான், கெசியான்" என்று பாவப்பட்டு, ஒரு டின் கிரீம் பிஸ்கட் கொண்டுவந்தார். மேல் மாடி அக்கா லாலிபாப் கொடுத்தனுப்பினார். அழுகிற பிள்ளைக்கு இனிப்பைத் தவிர வேறு எதைக் கொடுப்பது என்று அந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. பல்லின் பொறுப்பு என்னிடம் இருந்ததால் எல்லாவற்றையும் நானே பறிமுதல் செய்து நானே தின்றேன்.

மூன்றாவது நாள் நடந்ததை ஆண்ட்டிதான் பிறகு அப்பாவிடம் சொன்னார். அவர் காலையில் பசாருக்குப் போக லிப்டைக் கூப்பிட்டால், உள்ளே மூலையில் சாய்ந்து நின்றபடி அம்மா தூங்கிக்கொண்டிருக்கிறார். தம்பி எல்லா மாடிப் பொத்தானையும் சந்தோஷமாக அமுக்கிக்கொண்டிருக்கிறான். எப்படியும் மறுபடி மேலே வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்று ஆண்ட்டி கீழே இறங்கிப் போய்விட்டார். மீனும் கீரையும் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தால் அம்மா அதே மூலையில், தம்பி அதே பொத்தானில். எத்தனை தடவை ஏறி இறங்கினார்களோ. ஆண்ட்டி இதைச் சிரித்துக்கொண்டே தொடங்கினார், முடிக்கும்போது சிரிக்கவில்லை. நல்லதுதானே செய்தோம், இப்படி ஏன் ஆகிறது என்று புரியாமல் நான் போய்க் கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டேன்.

நாலாவது நாள் காலை. வேன் கீழே நின்றது. அம்மாவின் பஸ் வந்தது. அப்பா வழக்கம்போலக் கதவைத் திறந்து தம்பியை நீட்டினார். அம்மா கையை நீட்டவில்லை.

"நானும் ஒரு வேண்டுதல் வெச்சிருக்கேங்க" என்றார்.

அப்பாவுக்கு முகம் மலர்ந்தது. அம்மா தானாக வேண்டுதல் வைத்து யாரும் கேட்டதில்லை. "என்ன வேண்டுதல்?"

"தம்பி பல்லு நல்லா ஆவணும்னு. அதுக்கு நீங்க ஒரு மண்டலம், நாப்பத்தெட்டு நாளு, காலையில அவனப் பாத்துக்கிடுவீங்கன்னு."

"ஏய், நீ வேண்டிக்கிட்டு என்னைய ஏன் இழுக்குற?"

"கியர்பாக்ஸுக்கு நான் பால்குடம் எடுக்கலயா?"

கேட்டுவிட்டு அம்மா லிப்டுக்குப் போய்விட்டார். கையை நீட்டியபடி அப்பா. கையில் மொட்டைத் தலையோடு தம்பி. லிப்டுக் கதவு மூடியது. வேறு எந்தக் கட்டளையையும் அப்பா தட்டியிருப்பார், எதிர்த்துப் பேசியிருப்பார். இது முருகன் பேரில் வந்துவிட்டது. என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்வது? "சாமி விஷயம்பா" என்றேன்.

அந்த நாற்பத்தெட்டு நாளையும் தம்பி கோப்பிக் கடையில் கழித்தான். முதல் நாள் மேசைக்கு அடியில் புகுந்து ஐந்து பேரின் செருப்பை இடம் மாற்றி வைத்தானாம். அப்பாவின் கூட்டாளிகள் அவனுக்கு அரைவேக்காட்டு முட்டையும் காயா என்கிற இனிப்பு ஜாம் தடவாத ரொட்டியும் பழக்கினார்கள். காயா கூடாது என்பது நான் போட்ட உத்தரவு. காலை முழுக்க ஓடிக் களைத்தவன் மதியம் சோறு தின்ற கையோடு தானே விழுந்து தூங்கினான், போத்தலை நினைக்கக்கூட நேரமில்லை. அப்பா அவனைக் கிளினிக்குக்கும் கொண்டுபோனார். மிஸ்ஸி முன்பல்லில் ஒன்றைப் பிடுங்கினார், பின்பல் இரண்டை அடைத்துக் காப்பாற்றினார். தம்பி அந்த ஓட்டையை வேனில் ஏறுகிற பிள்ளைகளையெல்லாம் வரிசையில் நிற்க வைத்துக் காட்டினான். மிஸ்ஸி போகிற போக்கில் என் வாயையும் பார்த்து, எனக்கு மூன்று அடைக்க வேண்டும் என்றார். அதை நான் இந்தக் கதையில் பெரும்பாலும் சொல்வதில்லை.

ஆனால் இதையெல்லாம்விட எனக்கு நன்றாக நினைவிருப்பது அந்த நாலாவது நாள் மதியம்தான். தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு அப்பாவும், பையைச் சுமந்துகொண்டு நானும் மேலே வந்தோம். கதவைத் திறந்தால் வீட்டில் சமையல் வாசனை இல்லை. தொலைக்காட்சி ஓடவில்லை. அறையில் அம்மா தொழிற்சாலைச் சட்டையைக்கூட மாற்றாமல், கட்டிலில் குறுக்காகக் கிடந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. நாங்கள் வந்தது தெரிந்து எழுந்திருக்கவில்லை. நான் கூப்பிட்டேன், அதற்கும் அசையவில்லை. என்றைக்கும் ஒரு சின்னச் சத்தத்துக்கே கண் திறக்கிற அம்மா அவர்.

எனக்குப் பயத்தில் அழுகை வந்துவிட்டது. மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தேன். மூச்சு வந்தது. "அப்பா, அம்மாவுக்கு உடம்பு சரியில்ல, ஆண்ட்டியக் கூப்பிடட்டா?" என்றேன்.

அப்பா வாசலிலேயே நின்று அம்மாவையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "உடம்புக்கு ஒண்ணுமில்ல. எழுப்பாத" என்று சொல்லிவிட்டு, தம்பியைப் பாயில் கிடத்தி, அரிசி எங்கே இருக்கிறது என்று என்னிடம் கேட்டார்.

நான் அரிசி டின்னைக் காட்டிவிட்டு மறுபடி கட்டிலுக்கு வந்து, சாயங்காலம் வரை அம்மாவின் மூச்சைக் காவல் காத்தேன். ஆறு வருஷம் அம்மாவோடு இருந்தும், அவர் தூங்கினால் அப்படித்தான் இருப்பார் என்று எனக்குத் தெரியாது.